அரை மணித்தியாலம் பிந்திய புழுக்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு பின்னேரம் என் கைப்பேசி விடாமல் சத்தம் போட்டது. நான் ஓய்வுபெற்றுவந்த ஆய்வுகூடத்தில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள்தான்.

"அண்ணே, உங்கட புழுவுக்கு உலகத்துப் பெரிய பரிசு கிடைச்சிரிக்கு!" என்று ஒருத்தி.

"புழுவுக்கில்ல, புழுவைப் பாத்த ஆக்களுக்கு" என்று அடுத்தவன்.

"அண்ணேயும் பாத்தவர்தானே. பங்கு கேளுங்க" என்று மூன்றாவது.

நல்ல சிரிப்பு. மைக்ரோ ஆர்.என்.ஏ கண்டுபிடிப்புக்குப் பரிசு என்று அன்று உலகம் முழுக்கச் செய்தி. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் ஒரு படமும் அனுப்பியிருந்தாள். புதிதாக வந்த கமராப் பெட்டி. புழுத் தட்டை உள்ளே வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானே படம் எடுத்து, மூலையில் நேரத்தையும் பதித்துவிடுமாம். "முந்தி நீங்க நேரத்த எப்படி அண்ணே எழுதினீங்க?" என்று கேட்டிருந்தாள்.

"கையால" என்று பதில் அனுப்பினேன். அது அரைவாசி உண்மை. மிச்சத்தை ஒரு குறுஞ்செய்தியில் எழுத முடியாது.

முதலில் புழுவைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் என்னால் எதையும் சொல்ல முடியாது. அது ஒரு வட்டப்புழு. ஒரு மில்லிமீற்றர் நீளம். கண்ணாடி போன்ற உடம்பு. உயிரோடு இருக்கும்போதே உள்ளே ஒவ்வொரு உயிர்க்கலத்தையும் பார்க்கலாம். மண்ணில் இருப்பது, பற்றீரியாவைத் தின்பது, யாருக்கும் நோய் தராதது. முட்டையை விட்டு வந்த பிறகு நான்கு தடவை தோல் உரிக்கும். ஒவ்வொரு உரிப்புக்கும் முன்னால் ஒரு பருவம். எந்தப் பருவத்தில் எந்தக் கலம் பிரியவேண்டும் என்பதில் அதற்கு ஒரு கண்டிப்பு உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்து நேரசூசியில்கூட நான் அப்படியொரு கண்டிப்பைக் கண்டதில்லை.

ஆனால் பரம்பரையலகு என்கிற மரபணுவில் பிழையுள்ள சில விகாரிப் புழுக்கள் முதலாம் வகுப்பையே திரும்பத் திரும்பப் படிக்கும். உடம்பு பெருக்கும், தோல் உரியும், ஆனால் உள்ளே கலங்கள் முதல் பருவத்து வேலையையே செய்துகொண்டிருக்கும். முட்டையிடும் வழிகூட உருவாகாது. காரணம், இருபத்திரண்டு எழுத்து நீளமான ஒரு துண்டு ஆர்.என்.ஏ அவற்றில் இல்லை. அந்தத் துண்டு புரதம் எதையும் செய்வதில்லை. வேறொரு பரம்பரையலகிலிருந்து வரும் செய்தியில் போய் ஒட்டிக்கொண்டு அதைப் பேசவிடாமல் பண்ணும், அவ்வளவுதான். முதல் பருவத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் புரதம் அப்போதுதான் குறையும். அது குறைந்தால்தான் புழு இரண்டாம் பருவத்துக்குப் போகும். கடைசிப் பருவத்தில் இதே வேலையைச் செய்ய இன்னொரு துண்டு இருக்கிறது என்றும், அது மனிதர் உடம்பிலும் இருக்கிறது என்றும் சொன்ன கட்டுரையின் பிரதி எங்கள் கைக்கு வந்த நாளில், அதை நான் பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே மூன்று தடவை வாசித்தேன். மூன்று பஸ் போய்விட்டது.

கட்டுரையைத் தந்தவர் ஆய்வுகூடத்தை நடத்திய மஜீத் சேர். காத்தான்குடிக்காரர். வெளிநாட்டில் படித்து, அங்கேயே இருந்திருக்கக் கூடியவர். வாவிக் கரையோரம் இரண்டு அறை கொண்ட எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புழுக்களோடு திரும்பி வந்தார். அவர் கொண்டுவந்த தட்டுகளை வழியில் ஒரு போர்க்காலச் சோதனைச் சாவடியில் திறக்கச் சொன்னார்களாம். சிப்பாய் குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்டும் இல்லையே" என்றானாம். சேர் சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கும் வில்லையை எடுத்துக் கொடுக்க, அவன் பார்த்து, துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு, மற்றவர்களையும் கூப்பிட்டானாம். ஆறு பேரும் முறைவைத்துப் பார்த்து முடிக்க முக்கால் மணித்தியாலம் போனதாம். "திரும்பி வந்து நான் படிப்பிச்ச முதலாவது பாடம்" என்பார்.

நான் உயர்தரம் படித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல், ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தவன். இரண்டு வருடம் பயிற்சி. புழுத் தட்டில் ஊற்றுகிற ஏகார் என்ற பாசிக்கூழைப் பிரஷர் குக்கரில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்து அவிப்பது, பிளாட்டினம் கம்பியின் தட்டையான நுனியால் ஒரு புழுவை நோகாமல் தூக்குவது, நெருப்பில் கம்பியைக் காட்டுவது, மறுபடி தூக்குவது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கை பழகியது, அவ்வளவுதான்.

சேர் ஏசமாட்டார். அதைவிடப் பொல்லாத பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. நாம் சொல்லும் வசனத்தை நமக்கே திருப்பிச் சொல்லுவார், மெதுவாக, கேள்வியாக.

"சேர், தட்டெல்லாம் காஞ்சு போச்சு."

"தட்டெல்லாம் காஞ்சு போச்சு?"

"…மண்ணுக்குத் தண்ணி ஊத்த மறந்திட்டன் சேர்."

"ம். இப்ப சரி."

நான் சொன்ன மண், பானைக்குள் இருந்த ஆற்றுமண். எங்கள் ஊர் வெயிலுக்கு இந்தப் புழு மலடாகிவிடும். குளிரூட்டி இருந்தது, மின்சாரம்தான் நினைத்தபோது வந்து நினைத்தபோது போனது. அதனால் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈரமண், வாயில் நனைத்த சாக்கு, உள்ளே தட்டுகள். ஒவ்வொரு மணித்தியாலமும் வெப்பமானியைப் பார்த்துத் தண்ணீர் தெளிக்கவேண்டும். உள்ளறையில் ஆறு பானை வரிசையாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் சமையலறை என்று நினைத்து மூக்கை உறிஞ்சுவார்கள்.

சேர் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். நான் சொன்ன சின்ன ஆர்.என்.ஏ முழுக்க இல்லாத புழு முதல் பருவத்தையே திரும்பச் செய்யும். ஆனால் அது கொஞ்சம் பழுதுபட்ட புழு எப்படி? பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. முட்டையும் இட்டது. "வெளியால தெரியாத பிந்தல் உள்ளுக்குக் கிடக்கா எண்டு பாப்பம்" என்றார். அதற்கு விகாரியையும் சாதாரணப் புழுவையும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒவ்வொரு தோலுரிப்பும் எத்தனை மணிக்கு என்று எழுதவேண்டும்.

தொடக்கம் என் வேலை. வயிறு நிறைய முட்டையோடு இருக்கும் புழுக்களைத் துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் போட்டால் உடம்பு கரைந்து முட்டை மட்டும் மிஞ்சும். முட்டையை வெறும் உப்புத் தண்ணீரில் வைத்தால் குஞ்சு வெளியே வரும், ஆனால் தீன் இல்லாததால் வளராமல் அப்படியே நிற்கும். எல்லாம் ஒரே வரியில் நிற்கும் ஓட்டப்பந்தயக்காரர் மாதிரி. தீனுள்ள தட்டில் விடுகிற கணம்தான் பூச்சியம். அந்தப் பூச்சியத்தை இரண்டு இனத்துக்கும் நானே என் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதுவேன். ஊரடங்குக்கும் சுற்றிவளைப்புக்கும் இடையில் பகலில் கிடைக்கிற சில மணித்தியாலத்துக்குள் உரிப்புகள் விழுகிற மாதிரித் தீன் போடும் நேரத்தைக் கணக்குப் பார்த்து வைத்தோம். உரிக்கப்போகும் புழு அசையாமல் கிடக்கும். தொண்டையின் துடிப்பு நிற்கும். அதைத்தான் பார்க்கவேண்டும்.

பார்ப்பதற்குச் சேர் ஒரு விதி வைத்திருந்தார்: ஒரு கை ஒரு இனத்தைத்தான் தொடலாம். கம்பியில் ஒட்டிய ஒரு புழு தவறிப்போய் மற்றத் தட்டில் விழுந்தால் ஆறு மாத வேலை நாசம். ஆகவே சாதாரணப் புழு எனக்கு. விகாரி ரஞ்சினிக்கு.

ரஞ்சினி படுவான்கரையிலிருந்து வருகிறவள். எங்கள் வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம், எழுவான்கரை. மேற்கே வயல் பக்கம் படுவான்கரை. அப்போது எங்கள் கரையில் அரசாங்கத்து இராணுவம். அவர்கள் கரையில் அரசாங்கத்தோடு சண்டையிட்ட இயக்கத்தின் ஆட்சி. அவளுடைய தகப்பனின் வயல் வட்டையில் விதைத்து மூன்று போகம் ஆகிவிட்டது. சண்டையால் அங்கே போக முடியாது. இரண்டு தங்கச்சிமார் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சம்பளம் எடுப்பது அவள் ஒருத்தி. அதுவும் தற்காலிக வேலை. காலையில் வாவியைக் கடக்கும் பாதையில் ஏறி, இந்தப் பக்கம் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, பஸ் பிடித்து வருவாள். பாதை என்றால் தெருவில்லை. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக் கரைக்குக் கரை கொண்டுபோகிற தட்டையான படகை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. வந்து உட்கார்ந்தால் நுணுக்குக்காட்டியிலிருந்து தலையை எடுக்கமாட்டாள்.

எங்கள் இரண்டு கரைக்கும் நேரமும் இரண்டு. சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளியது. எங்கள் கரை தள்ளியது. அந்தக் கரை தள்ளவில்லை. இங்கே ஒன்பதரை என்றால் அங்கே ஒன்பது. புது நேரம், பழைய நேரம் என்று சனங்கள் வாய்க்கணக்காகக் கூட்டிக் கழித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

ரஞ்சினி வந்த முதல் வாரத்தில் ஒருநாள் நான் ஒரு வேலையாகத் துறைப் பக்கம் போயிருந்தேன். சாவடி வரிசையில் எனக்கு ஐந்தாறு பேர் முன்னால் அவள். சிப்பாய் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, கடிகாரத்தைத் தன் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்து, "ஏன் இந்த நேரம்? நீ எந்தப் பக்கம்?" என்று உடைந்த தமிழில் கேட்டான். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். என்னை அவள் காணக்கூடாது என்று நினைத்தேன். இந்த விடயத்தை அவளிடம் ஒருநாளும் எடுக்கக்கூடாது என்றும் அங்கேயே தீர்மானித்துக்கொண்டேன். எனக்கு முப்பதைத் தாண்டிய வயது. அவளைப் பற்றி நான் எடுத்த தீர்மானங்கள் அந்த வாரத்தில் அது மட்டுமில்லை.

இப்போது பிழைக்கு வருகிறேன்.

உள்ளறையில் சுவர்க் கடிகாரம் கிடையாது. அவரவர் மணிக்கட்டைப் பார்த்துத் துண்டுக் கடதாசியில் எழுதுவோம். பின்னேரம் அவள் பாதைக்குப் போனபிறகு, என் எழுத்து வடிவானது என்று சேர் சொன்னதால், இரண்டு பேருடைய துண்டுகளையும் பெரிய கொப்பியில் நான் எழுதுவேன். முதல் நாள் அவளுடைய துண்டைக் கையில் எடுத்தபோதே எனக்குப் பொறி தட்டியது: இவள் கையில் இருப்பது பழைய நேரம்! அரை மணித்தியாலம் குறைவு! கேட்டால் சங்கடப்படுவாள். சேருக்குச் சொன்னால் இன்னும் சங்கடம். ஆகவே ஒருவருக்கும் சொல்லாமல், அவள் எழுதிய ஒவ்வொரு நேரத்துக்கும் முப்பது நிமிடம் கூட்டிக் கொப்பியில் போட்டேன். அவளுக்கு ஏதோ பெரிய உதவி செய்கிற சந்தோசம் எனக்கு. மூன்று மாதம், ஒரு நாளும் தவறாமல் செய்தேன்.

வரைபு வந்தது. விகாரியின் முதல் உரிப்பு அரை மணித்தியாலம் பிந்தி. இரண்டாவதும் அரை மணித்தியாலம். மூன்றாவதும், நாலாவதும் அதே அரை மணித்தியாலம். கூடவுமில்லை, குறையவுமில்லை.

சேர் நாற்காலியில் உட்கார்ந்ததை அன்றுதான் முதல்தடவையாகக் கண்டேன்.

"விளங்குதா மனே? முதலாம் பருவத்தில மட்டும் பிந்திரிக்கி. மறுகா எல்லாப் பருவமும் ஒழுங்கா ஓடுது. அந்தச் சின்னச் சாமான் முதல் பருவத்துக் கதவத்தான் திறக்கும் எண்டு சொல்லுறாங்க இல்லையா? கதவு கொஞ்சம் பிந்தித் திறக்குது. பிந்தல் கதவடியில மட்டும்தான்!"

அடுத்த நாள் சேர் வீட்டிலிருந்து இனிப்பு வட்டிலப்பம் வந்தது. ரஞ்சினி இரண்டு துண்டு தின்றுவிட்டு, "சேர், புழுவுக்கும் ஒரு கரண்டி வைப்பமா?" என்றாள். வெளிநாட்டு நண்பருக்குச் சேர் கடிதம் எழுதினார். அவர் ஒரு மாநாட்டில் பேச இடம் ஒழுங்குபண்ணினார். ஊருக்குத் திரும்பிய பிறகு சேருக்கு வந்த முதல் அழைப்பு அது. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொழும்புக்குப் போய் இரண்டு நாள் நின்று வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை பாதை ஓடவில்லை. அந்தக் கரையில் ஏதோ நடந்திருந்தது. ரஞ்சினி வரவில்லை. பானைக்குள் தட்டுகள் காத்திருந்ததால் சேர் தானே விகாரியின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு தொகுதி, இரண்டு, மூன்று.

பிந்தல் இல்லை. ஒரு நிமிடம்கூட இல்லை.

இரண்டு நாள் கழித்து, ரஞ்சினி திரும்பி வருவதற்கு முதல்நாள், சேர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் புள்ள எத்தின மணிக்கு வாற?"

"பாதையப் பொறுத்துத்தான் சேர். சாவடியில மறிச்சா பிந்தும்."

"பிந்தி வந்து, வந்த நேரத்தில முதல் பாத்தத உரிச்ச நேரம் எண்டு எழுதிரிக்கா. அதுதான் அரை மணித்தியாலம்." குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை அவட வேலைய நிரந்தரமாக்கிற கடிதம் போகவேணும். நான்தான் கையெழுத்து வைக்கிற. பாக்காதத எழுதின ஆளுக்கு நான் வைக்கமாட்டன், மனே."

செவ்வாய்க்கிழமை அது.

ரஞ்சினி பார்க்காததை எழுதினாள் என்பதை என்னால் நம்பமுடியவில்லை. அவள் எழும்பி ஒரு மிடறு தண்ணீர் குடித்ததைக்கூட நான் கண்டதில்லை. ஆனால் சேரின் கண்ணையும் நம்பாமல் இருக்கமுடியாது. துண்டுக் கடதாசிகள் ஒரு பிஸ்கட் தகரத்தில் கிடந்தன. வெளியறை மேசையில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரு பக்கம் அவளுடையவை, மறுபக்கம் என்னுடையவை, நாள் வரிசையாக.

எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. வந்து சேர்ந்த நேரத்தை எங்காவது குறித்திருப்பாள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றுமில்லை. ஆனால் ஒரு துண்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: "கரண்ட் போச்சு 10.05. கண்ணாடியால வெயில் எடுத்துப் பாத்தன்."

அதே நாள் என்னுடைய துண்டு. "மின்வெட்டு 10.05."

ஒரே அறையில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் மின்சாரம் போகும். அவள் பழைய நேரத்தில் எழுதியிருந்தால் அது 9.35 ஆக இருந்திருக்கவேண்டும். இன்னொரு நாளைத் தேடினேன். அவளுக்கு 1.20, எனக்கு 1.20. இன்னொரு நாள். அதே. அவள் கடிகாரத்தைப் பார்த்து, மனதால் அரை மணித்தியாலம் கூட்டி, புது நேரத்தில்தான் எழுதியிருக்கிறாள். முதல் நாளிலிருந்தே. அதன் மேல் நான் இன்னொரு அரை மணித்தியாலத்தைக் கூட்டியிருக்கிறேன்.

பிந்தியது புழுவுமில்லை, ரஞ்சினியுமில்லை. சேரின் கதவு, மாநாடு, கடவுச்சீட்டு, வட்டிலப்பம் எல்லாம் என் வடிவான எழுத்து.

என்னென்ன ஓடியது மனதில் என்று மறைக்கமாட்டேன். துண்டுகளை எரித்துவிடலாம் என்று ஓடியது. சும்மா இருந்தால் என் வேலை போகாது என்றும் ஓடியது. அவளுடைய தங்கச்சிமாரில் சின்னவள் ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று ரஞ்சினி சொன்னதும் கூடவே ஓடியது. அதற்குப் பிறகு மற்றது ஒன்றும் ஓடவில்லை.

காலையில் சேர் உள்ளே வந்தவுடன் சொன்னேன்.

"சேர், ரஞ்சினிட நேரத்துக்கெல்லாம் நான் அரை மணித்தியாலம் கூட்டினன்."

"ரஞ்சினிட நேரத்துக்கெல்லாம் நீ அரை மணித்தியாலம் கூட்டினாய்?"

"ஓம் சேர். பழைய நேரமெண்டு நினைச்சன். அவ புது நேரத்திலதான் எழுதியிருக்கா."

மூன்று துண்டுகளை அவர் முன் வைத்தேன். மின்வெட்டு நேரங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கொப்பியை இழுத்து, பென்சிலை எடுத்து, ஒவ்வொரு நேரத்திலிருந்தும் முப்பதைக் கழிக்கத் தொடங்கினார். "நான் செய்யிறன் சேர்" என்றேன். "நீ செஞ்சது போதும்" என்றார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. புதுத் தாளில் இரண்டு கோடும் வரைந்தார். ஒன்றின் மேல் ஒன்று படிந்தது.



"ஒரு கை ஒரு இனம் எண்டு விதி வச்சது நான்" என்றார் சேர். "ஒரு இனத்த ஒரு ஆள் மட்டும் பாத்தா, புழுட வித்தியாசம் எது, ஆள்ட வித்தியாசம் எது எண்டு எப்படித் தெரியும்? இத நான் முதல் வருசப் புள்ளைகளுக்குப் படிப்பிக்கிற." பென்சிலைக் கீழே வைத்தார். "அந்த வெளிநாட்டு மனிசனுக்கு இண்டைக்கே எழுதுறன், மாநாட்டுக்கு வரல்ல எண்டு. ஒண்டு சொல்லு. ஏன் அவக்கிட்டக் கேக்கல்ல?"

சாவடியில் கண்டதைச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் வந்தது.

"சரி. என்னட்டச் சொன்னாய். இனி அவக்குச் சொல்லு."

ரஞ்சினி பத்து மணிக்கு வந்தாள். ஒரு கிழமை வராததால் பானைகளைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள். வெளி வராந்தாவுக்குக் கூப்பிட்டு, சேர் சந்தேகப்பட்டது முதல் கழித்துத் திருத்தியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன் என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னேன்.

"மூண்டு மாசமா?" என்றாள்.

"ஓம்."

"என்ட நேரத்த நீங்களே எடுத்துத் திருத்தினீங்க."

"நீங்க சங்கடப்படுவீங்க எண்டு…"

"ஆர் சங்கடப்பட்ட? நானா?" அவள் குரல் உயரவில்லை. "துறையில ஆமிக்காரன் என்ட கையப் பிடிச்ச நேரம் நீங்க பின்னுக்கு நிண்டீங்க. கண்டனான். கிறுகி வாவியப் பாத்தீங்க. அவன் கேட்டான், ஏன் இந்த நேரம் எண்டு. நான் சொன்னன், வீட்டில அம்மா, தங்கச்சிமார், பாதைக்காரன், எல்லாருக்கும் இந்த நேரம்தான், வேலையில நான் கூட்டிக் கொள்ளுவன் எண்டு. சரியெண்டு விட்டான். அவன்கூடக் கேட்டான். நீங்க கேக்கவே இல்ல."

 

வெள்ளிக்கிழமை ரஞ்சினியின் நிரந்தர வேலைக்கான கடிதம் போனது. சேர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். வழக்கமாக அரைப் பக்கம்தான் எழுதுவார். எனக்குத் தண்டனை என்று ஒன்றும் தரவில்லை. கொப்பியில் கழித்துத் திருத்திய பக்கங்களின் அடியில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக வடிவில்லாத பக்கம் அது.

விதி மாறியது. இனி எந்தத் தட்டில் எந்த இனம் என்று சேருக்கு மட்டும் தெரியும். அடியில் வெறும் இலக்கம். கம்பி மட்டும் தட்டுக்கு ஒன்று. இரண்டு பேரும் எல்லாத் தட்டையும் பார்க்கவேண்டும். பார்க்கிறவர் எழுதக்கூடாது, புழு அசையாமல் கிடந்தால் "இப்ப" என்று சொல்லவேண்டும், பக்கத்தில் இருப்பவர் நேரத்தை வாய்விட்டுச் சொல்லி எழுதவேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆள் மாறவேண்டும். சேருக்கு அப்படியொரு யோசனையைச் சொன்னது ரஞ்சினிதான். என்னோடு ஒரு வார்த்தையும் பேசாமலிருந்த நாட்களில் யோசித்திருக்கிறாள்.

புது ஒழுங்கின் முதல் நாள். அவள் நுணுக்குக்காட்டியில், நான் துண்டோடு பக்கத்தில்.

"இப்ப."

"ஒன்பது முப்பத்தெட்டு."

"இப்ப."

"ஒன்பது நாப்பத்தொண்டு."

அவள் பேசுகிறாளே என்றிருந்தது எனக்கு, அது புழுவைப் பற்றியதாக இருந்தாலும். சாக்கிலிருந்து சொட்டும் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் ஒரு புழுவும் உரிக்கவில்லை.

"ரஞ்சினி, உங்கட கரையில இப்ப எத்தின மணி?"

அவள் தலையை நிமிர்த்தி, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒன்பதே கால். அம்மா மாட்டுக்குத் தண்ணி வைக்கிற நேரம். சின்னவள் பள்ளியில இரிப்பாள். அவளுக்கு இண்டைக்குக் கணக்குப் பரீட்சை. காலையில அழுதுகொண்டு போனவள்."

"ஏன் அழுதவ?"

"பின்னம் வராது அவளுக்கு. அரைய எழுதச் சொன்னா மேல இரண்டு போட்டு, கீழ ஒண்டு போடுவாள். எத்தின தரம் சொல்லிக் குடுத்தாலும் அதேதான்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். நான் இன்னும் கேட்டேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள். மூத்த தங்கச்சி யார், மாட்டுக்கு என்ன பெயர், பாதையில் மழை பெய்தால் எங்கே ஒதுங்குவது. மூன்று மாதத்தில் கேட்டிருக்கவேண்டியவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டேன் போலிருக்கிறது.

அவள் மறுபடி குனிந்தபோது தட்டில் இரண்டு புழுக்கள் பழைய தோலை விட்டு வெளியே வந்து தீன் தின்றுகொண்டிருந்தன.

"என்ன நேரம் போடப்போறீங்க?" என்றாள், என்னை நேராகப் பார்த்து.

நான் துண்டை அவள் பக்கம் திருப்பி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு புழுக்களுக்கும் நேரே எழுதினேன்: "இருவரும் பார்க்கவில்லை. கதைத்துக்கொண்டிருந்தோம்."